எடைக்கருவியா, செயலியா, இஞ்சு டேப்பா?

உடம்பைக் குறைப்பது என்று முடிவெடுத்ததும் பலர் முதலில் வாங்குவது எடைக்கருவி. அடுத்து கைப்பேசியில் கலோரி கணக்கிடும் செயலி. கொஞ்சம் வசதி இருந்தால் மணிக்கட்டில் காலடிகளை எண்ணும் கடிகாரம். எதை அளப்பது என்பது அற்பக் கேள்வியாகத் தோன்றும். ஆனால் மூன்றாம் மாதம் வைராக்கியம் மிஞ்சுகிறதா, பித்துப் பிடிக்கிறதா என்பதைப் பெரும்பாலும் அதுதான் முடிவு செய்கிறது. எனவே ஒவ்வொன்றிடமும் இரண்டு கேள்விகள் கேட்கிறேன். தொடர்ந்து செய்ய வைக்கிறதா? மற்ற நேரத்தில் நம்மை நிம்மதியாக விடுகிறதா?

தினசரி எடையிலிருந்து தொடங்கலாம். இரவு கல்யாணப் பந்தியில் சாப்பிட்டவருக்குக் காலையில் ஒன்றரைக் கிலோ கூடியிருக்கும். அன்றைய மனநிலை அத்தோடு போயிற்று. ஆனால் ஒரு கிலோ கொழுப்பு சேர, தேவைக்கு மேல் ஏறத்தாழ 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். எவ்வளவு உபசரித்துப் பரிமாறினாலும் ஒரே பந்தியில் அது நடக்காது. கூடியது உப்பு பிடித்துவைத்த நீரும் இன்னும் குடலில் இருக்கும் சோறும்தான். இதன் மறுபக்கத்தை யாரும் ஆராய்வதில்லை. மாவுச்சத்து கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாக உடலில் தங்கும்போது ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் நீரைத் தன்னோடு வைத்துக்கொள்கிறது. அரிசியை நிறுத்திய முதல் வாரத்தில் மளமளவென்று இறங்கும் எடையில் பெரும்பங்கு இந்த நீர்தான். தினமும் ஏறி நிற்பவர் கொழுப்பை அல்ல, தண்ணீரின் போக்குவரத்தைப் பார்த்துச் சிரித்தும் அழுதும் கொண்டிருக்கிறார். சங்கிலியைக் கழற்றிவிட்டு ஒருமுறை, கழிப்பறைக்குப் போய்வந்து ஒருமுறை, கருவியை வேறு டைல்ஸுக்கு நகர்த்தி இன்னொருமுறை என்று ஆரம்பித்துவிட்டால், அது ஊக்கம் இல்லை.

அதற்காக எடையே பார்க்க வேண்டாம் என்பதையும் நான் ஏற்கவில்லை. அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில், குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஓராண்டாவது அதைக் காத்தவர்கள் சேர்க்கப்படுகிறார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் வாரம் ஒருமுறையாவது எடை பார்ப்பவர்கள். வாரம் ஒருநாள், ஒரே கிழமை, காலையில் வெறும் வயிற்றில். இது போதும். பெண்கள் மாதவிடாய்க்கு முந்தைய வாரத்து எடையை, போன மாதம் அதே வாரத்து எடையோடு ஒப்பிடுவதுதான் நியாயம். அந்த நாட்களில் உடல் நீரைப் பிடித்துவைப்பது வழக்கம்.

செயலிக்கு வருவோம். முதல் இரண்டு வாரங்களுக்கு அது நல்ல வாத்தியார். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் சுமார் 45 கலோரி இருக்கிறது என்று தெரிந்தபின் தோசைக்கல்லைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். டீயோடு கொறிக்கும் மிக்சரின் கணக்கும் அப்போதுதான் உறைக்கும். சிக்கல் பிறகு வருகிறது. ஐந்து பேருக்கு வைத்த வத்தக்குழம்பில் என் பங்குக்கு எவ்வளவு நல்லெண்ணெய் வந்தது? செயலி ‘கப்’ கணக்குக் கேட்கிறது. அம்மா கையளவில் சமைக்கிறார். பிஸ்கட் பாக்கெட்டுக்கோ அந்தத் தொல்லை இல்லை, பார்கோடைக் காட்டினால் போதும். கணக்குச் சரியாக வரவேண்டும் என்பதற்காகவே குழம்புச் சோற்றை ஒதுக்கிவிட்டு பாக்கெட் உணவுக்கு மாறுகிறவர்கள் உண்டு. உடம்புக்காக ஆரம்பித்தது கணக்குக்காக என்று ஆகிவிடுகிறது.

செயலியில் இன்னொரு ஆபத்து, மிகக் குறைந்த இலக்கை நாமே குறித்துக்கொள்ளலாம் என்பது. 1944–45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் உடலியல் ஆய்வாளர் ஆன்சல் கீஸ் நடத்திய பட்டினிச் சோதனையில், திடகாத்திரமான 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் நாளொன்றுக்கு 1,600 கலோரிக்கும் குறைவாகவே உணவு தரப்பட்டது. கூடவே வாரம் 35 கிலோமீட்டர் நடை. எந்நேரமும் சாப்பாட்டையே நினைக்க ஆரம்பித்தார்கள்; சமையல் புத்தகங்களைச் சேகரித்தவர்களும் இருந்தார்கள். பித்து என்பது பலவீனமான மனதின் கோளாறு அல்ல, பசித்த உடம்பின் வேலை. இன்று 1,200 என்று இலக்கு வைத்துக்கொண்டு, ‘ஏன் எனக்கு எப்போதும் சாப்பாட்டு நினைப்பு?’ என்று தன்னையே நொந்துகொள்கிறவர்கள் இதை அறிய வேண்டும்.

காலடிக் கணக்குக்கு ஒரு பெரிய நன்மை: அது நம் கையில் இருக்கிறது. நாளைக் காலை எடை என்னவாக இருக்கும் என்பது நம் கையில் இல்லை. ஆனால் பத்தாயிரம் என்ற எண்ணைக் கும்பிட வேண்டியதில்லை. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு கருவியின் பெயர் அது, மருத்துவர்கள் கண்டுபிடித்த வரம்பு அல்ல. வயதான அமெரிக்கப் பெண்களிடம் நடந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில் சுமார் 7,500 காலடிக்கு மேல் ஆயுள் பலன் கூடவில்லை. இரவு பதினொரு மணிக்கு மிச்சம் முந்நூறு காலடிக்காக மொட்டை மாடியில் சுற்றாதீர்கள், தூங்குங்கள்.

என் ஓட்டு இஞ்சு டேப்புக்கு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். இந்தியர்களில் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். மாதம் ஒருமுறைக்கு மேல் அளந்து பயனில்லை. அந்த மந்தம்தான் அதன் சிறப்பு; தினமும் அதோடு சண்டை போட முடியாது. நாளுக்கு நடை, வாரத்துக்கு எடை, மாதத்துக்கு டேப் என்று வைத்துக்கொண்டு, செயலியை இரண்டு வாரத்தில் நீக்கிவிடலாம் என்பேன். நண்பர்கள் பணம் கட்டி நடத்தும் எடைக்குறைப்புப் போட்டியைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. கடைசி வாரம் பட்டினி கிடப்பவரே அதில் ஜெயிக்கிறார்.

எடையை மட்டும் நம்பக் கூடாது என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவின் இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006இல் வெளியானது. உணவு மாற்றமும் நடையும் மேற்கொண்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது, எடை சொல்லும்படி இறங்காமலேயே. எடைக்கருவியே கதி என்று இருந்திருந்தால் அவர்களில் பலர் பாதியில் விட்டிருப்பார்கள்.

இந்த ஏற்பாடு எல்லோருக்கும் பொருந்தாது. கலோரி தெரியாது என்பதற்காக உறவினர் வீட்டில் சாப்பிட மறுப்பவர், எண் கூடியதற்குத் தண்டனையாக இரவுச் சாப்பாட்டை விடுபவர், உணவைக் குறைத்ததில் மாதவிடாய் நின்றுபோனவர், வளரும் வயதில் இருப்பவர் ஆகியோர் எதையும் அளக்காமல் முதலில் மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ போக வேண்டும். அவர்கள் வீட்டில் எடைக்கருவி இருக்க வேண்டாம். மருத்துவமனையில் எடை பார்த்தே ஆக வேண்டுமென்றால், முதுகைக் காட்டி நின்றுகொண்டு, எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டாம் என்று செவிலியரிடம் முன்பே கேட்டுக்கொள்ளலாம்.