டூ-ஃபைவ்-ஒன்: ஒரு காணொளிப் பாடத்தொடர் பற்றிய மதிப்புரை

ஜாஸ் ஹார்மனியை அறிமுகப்படுத்தும் பாடங்கள் பெரும்பாலும் கார்ட் (ஒருசேர ஒலிக்கும் சுரங்களின் தொகுதி) பெயர்களை அடுக்கி, கற்பவரை மலைக்க வைத்துவிடுகின்றன. கீபோர்டு வாசிப்பவர்களுக்கான இந்தக் காணொளிப் பாடத்தொடரோ, ஒரு கீயின் (பாடல் நிலைகொள்ளும் சுர அமைப்பின்) இரண்டாம், ஐந்தாம், முதல் சுரங்களின் மேல் அமையும் மூன்று கார்டுகளான டூ-ஃபைவ்-ஒன் என்னும் ஒரே வரிசையை எடுத்துக்கொண்டு, அது ஏன் காதுக்கு நிறைவாக ஒலிக்கிறது என்பதைப் புரியவைத்த பிறகே அடுத்த படிக்குச் செல்கிறது.

சி மேஜரில் இந்த வரிசை டி மைனர் செவன்த், ஜி செவன்த், சி மேஜர் செவன்த் என அமையும். ஆசிரியர் ஒவ்வொரு கார்டின் நான்கு சுரங்களையும் ஒருசேர வாசிக்க விடுவதில்லை. இடக்கையில் ரூட்டையும் (கார்டுக்குப் பெயர் தரும் சுரம்), வலக்கையில் அதிலிருந்து எண்ணினால் வரும் மூன்றாவது, ஏழாவது சுரங்களையும் மட்டுமே வாசிக்கச் சொல்கிறார். முதல் கார்டில் வலக்கையில் இருப்பவை எஃப், சி. ஜி செவன்துக்குப் போகும்போது எஃப் அப்படியே நிற்க, சி மட்டும் அரைச்சுரம் (கீபோர்டில் அடுத்த கட்டை அளவு) இறங்கி பி ஆகிறது. அங்கிருந்து சி மேஜருக்கு வரும்போது பி நிற்க, எஃப் அரைச்சுரம் இறங்கி ஈ ஆகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு விரல்தான் நகர்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால், மனப்பாடம் செய்ய அதிகம் மிச்சமிருக்காது. ஜி செவன்தில் சேர்ந்து ஒலிக்கும் எஃப், பி ஆகிய இரண்டும் டி ஃபிளாட் (அரைச்சுரம் இறங்கிய டி) செவன்திலும் இருப்பதால், ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வாசித்து பேஸை (கீழ்ச்சுரத்தை) டி, டி ஃபிளாட், சி என்று இறக்கலாம் என்பதும் இந்தப் பாடத்திலேயே இயல்பாக வந்து சேர்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பயிற்சிப் பகுதி அந்த அளவுக்குக் கவனமாக அமையவில்லை. சி மேஜரை சி மைனராக மாற்றி, அதையே பி ஃபிளாட்டின் இரண்டாம் கார்டாகக் கொண்டு தொடரச் சொல்வது நல்ல யுக்தி. ஆனால் அவ்வழியில் ஆறு கீகளுக்குப் பின் மீண்டும் சி-க்கே வந்துவிடுவோம், மற்ற ஆறுக்கு அரைச்சுரம் தள்ளித் தொடங்க வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை. இதே வரிசையின் மைனர் வடிவத்தில் இரண்டாம் கார்டின் ஐந்தாவது சுரம் ஏன் ஃபிளாட் ஆகிறது என்பதற்கும் ஓரிரு வரிகளே கிடைக்கின்றன. ‘ஆட்டம் லீவ்ஸ்’ (Autumn Leaves) என்ற ஜாஸ் பாடலின் முதல் எட்டு பார்களில் (தாளச் சுற்றுகளில்) இவ்வரிசையின் மேஜர், மைனர் வடிவங்கள் இரண்டும் அடுத்தடுத்து வருவதால், அதை எடுத்துக்காட்டாக வைத்திருந்தாலே இக்குறை பெருமளவு நீங்கியிருக்கும்.

பின்னணி இசைக் கோப்புகளின் வேகத்தைக் குறைக்க வழியில்லாததால், தொடக்க நிலையில் இருப்பவர்கள் தனியாக ஒரு மெட்ரோனோமை (சீரான வேகத்தில் தாளம் தட்டும் கருவி) வைத்துக்கொண்டு வாசிப்பதே நல்லது.