நாணயம் பார்க்க எந்த லூப்?

நாணயம் பார்க்கும் லூப் (கண்ணருகே பிடிக்கும் சிறு உருப்பெருக்கி லென்ஸ்) என்று ஆன்லைனில் தேடினால் முதலில் வந்து நிற்பது ‘30 எக்ஸ், 21 மி.மீ.’ என்று பொறித்த மலிவான மடக்கு லூப். அதை வாங்காதீர்கள், அந்த 30 உண்மையில்லை. 25 செ.மீ.யை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் வருவதுதான் உருப்பெருக்கம். நிஜமாகவே 30 மடங்கு என்றால் நாணயத்தை லென்ஸுக்கு 8 மி.மீ. அருகில் பிடிக்க வேண்டும். அந்த இடுக்கில் வெளிச்சமே போதாது. இந்த லூப்பிலோ 2.5 செ.மீ. தள்ளிப் பிடித்தால்தான் உருவம் தெளிகிறது. அதாவது 10 மடங்குதான், சிலவற்றில் அதுவும் இல்லை. வீட்டிலேயே சோதிக்கலாம்: தூரத்து ஜன்னலின் பிம்பம் வெள்ளைத்தாளில் கூர்மையாக விழும்வரை லூப்பை நகர்த்தி, இடைவெளியை ஸ்கேலால் அளந்து பாருங்கள்.

அடுத்து ஒரு கிராஃப் தாளை லூப்பில் பாருங்கள். மலிவு லென்ஸில் நடுவே மட்டும் கட்டம் நேராக இருக்கும். ஓரத்தில் கோடு வளையும், நிறம் பிரியும். மூன்று கண்ணாடிகளை ஒட்டிச் செய்யும் டிரிப்லெட்டில் இந்தக் குறை பெருமளவு அடங்கிவிடும். எங்கள் தேர்வு பெலாரஸில் தயாராகும் பெலோமோ 10 எக்ஸ் டிரிப்லெட். பாஷ் அண்ட் லாம்பின் ஹேஸ்டிங்ஸ் டிரிப்லெட்டும் அருமையான லென்ஸ்தான், ஆனால் கண்ணாடி சிறியது. பழகாத கண்ணுக்குச் சிரமம்.

10 எக்ஸ் எதற்கு? ஆண்டுக்குக் கீழே உள்ள மின்ட் குறிக்கு, அதாவது நாணயம் எந்த ஆலையில் அச்சானது என்று காட்டும் அடையாளத்துக்கு: மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி, கொல்கத்தாவுக்கு எதுவும் கிடையாது. தேய்ந்த நட்சத்திரம் வெறுங்கண்ணுக்கு வைரம்போலத் தெரிந்து ஏமாற்றும். ஐந்தாம் ஜார்ஜின் 1911 ரூபாயில் அங்கியிலுள்ள யானை பன்றிபோல இருக்கும், 1912இல் திருத்திவிட்டார்கள். அந்த வேறுபாட்டைக் காணவும் இதுவே வேண்டும். வார்ப்புப் போலிகளில் எழுத்தோரம் மழுங்கியிருக்கும், பரப்பில் காற்றுக்குமிழிகளின் நுண்குழிகள் தெரியும், விளிம்பில் இணைப்புக்கோடு ஓடலாம்.

தரம் மதிப்பிட மட்டும் 10 எக்ஸ் வேண்டாம். அதில் பார்த்தால் புத்தம்புது நாணயமும் கீறலாகவே தெரியும், நல்ல காசைக் கழித்துவிடுவீர்கள். 30.5 மி.மீ. வெள்ளி ரூபாயின் பெரும்பகுதியை ஒரே பார்வையில் காட்டும் 5 எக்ஸ் போதும். 5 செ.மீ. இடைவெளி இருப்பதால் வெளிச்சமும் தாராளமாக விழும்.

லூப்பைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, அந்தக் கை கன்னத்தில் பதிய வேண்டும். நாணயத்தைத்தான் அருகே கொண்டுவர வேண்டும். இரண்டு கண்களும் திறந்திருந்தால் சோர்வு வராது. நாணயத்தை விளிம்பில் பிடியுங்கள், கீழே மெத்தென்ற துணி விரியுங்கள், நாணயத்தின்மேல் மூச்சு விடாதீர்கள். விளக்கு ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விழட்டும். நாணயத்தை மெல்லத் திருப்பினால், துடைத்து மெருகேற்றிய நாணயத்தில் ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள் பளிச்சென்று எழும். லூப்பிலேயே பொருத்திய எல்இடி நேராக அடித்துக் கூசச்செய்து இதைத்தான் மறைக்கிறது, அதற்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

லென்ஸிலுள்ள தூசியை ஊதுபந்தால் நீக்கிவிட்டு மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். டிரிப்லெட்டை அசிட்டோன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கண்ணாடிகளை ஒட்டியுள்ள பசை கெட்டுவிடும்.