எட்டாம் ஆண்டில் ஒரு மடிக்கணினி: வேகம் மீண்டது, கீல் மீளவில்லை

வேகம் குறைந்துபோன தம் மடிக்கணினிக்குச் செலவு செய்வதா, அதைக் கழித்துவிட்டுப் புதியது வாங்குவதா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடையதும் என்னுடையதும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வாங்கியவை. தொழிலும் ஒன்றுதான், சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுவதும் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்வதும். என்னுடையது இப்போதுதான் பழுதுபார்க்கும் கடையிலிருந்து திரும்பி வந்திருக்கிறது. அதனால் அவருக்குச் சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது, சற்றுக் கோபமும் இருக்கிறது.

2018 ஜூன் மாதம் 48,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஐ5 எட்டாம் தலைமுறைப் பிராசசர், 8 ஜி.பி. ராம், 1 டி.பி. ஹார்ட் டிஸ்க், 15.6 அங்குலத் திரை என்று அந்த விலைக்கு அன்று எல்லோரும் வாங்கிய அதே அமைப்பு. முதல் இரண்டு ஆண்டுகள் குறையொன்றும் சொல்வதற்கில்லை. அதன் பிறகு, காலையில் பொத்தானை அழுத்திவிட்டுக் குளித்துவிட்டு வந்தாலும் டேலி என்ற கணக்கு மென்பொருள் திறந்திருக்காது என்ற நிலைக்கு வந்து சேர்ந்தது. ஜி.எஸ்.டி-யின் மாதப் படிவங்களில் ஜி.எஸ்.டி.ஆர்-1 தாக்கலுக்கு 11ஆம் தேதி, 3பி-க்கு 20ஆம் தேதி என்று கெடு வைத்து வாழும் எங்களைப் போன்றவர்களுக்கு, கெடு நாளின் மாலையில் எக்செல் கோப்பு ஒன்று ‘பதிலளிக்கவில்லை’ என்று வெளுத்துப்போய் நிற்பதைப் பார்ப்பதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

அந்த நேரத்தில், எந்த உறுப்பு எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் காரணம் கண்ணெதிரே தெரியும். பிராசசர் பத்து, பதினைந்து சதவீதத்தில் ஓய்வாக இருக்கும். ராமில் இடம் இருக்கும். டிஸ்க் என்ற ஒரே ஒரு வரி மட்டும் 100 சதவீதத்தில் சிவந்து நிற்கும். ஹார்ட் டிஸ்க்குக்குள் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டில், தேவையான தகவல் அதைப் படிக்கும் ஊசிமுனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று ஆக வேண்டும். அதற்கே ஐந்தரை மில்லி விநாடி போய்விடும், ஊசி அந்தத் தடத்துக்கு நகரும் நேரம் தனி. தகவல் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தால், நொடிக்கு நூறு துண்டுகளை எடுத்துக் கொடுப்பதே இந்த ஏற்பாட்டுக்குப் பெரும்பாடு. விண்டோஸ் எழுந்திருக்கும்போதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கேட்கிறது. ஆன்டிவைரசும் அப்டேட்டும் தேடல் அட்டவணையும் அதே நேரத்தில் அதே ஊசியிடம் வந்து நிற்கின்றன. ஆக, என் கணினிக்கு வயதாகிவிட்டது என்று நான் கேட்ட அறிவுரைகள் எல்லாம் தவறு. அதில் ஒரே ஓர் உறுப்புதான் மெதுவானது, அதுவும் வாங்கிய நாளிலிருந்தே மெதுவானது. நல்ல பிராசசரை வைத்துவிட்டு அதன் காலில் இப்படி ஒரு கல்லைக் கட்டி விற்றார்களே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

நண்பரும் முதலில் இந்தச் சோதனையைத்தான் செய்ய வேண்டும். டிஸ்க் மட்டும் நூறில் நின்றால், சுழலும் தட்டே இல்லாமல் சிப்புகளில் தகவலை வைக்கும் எஸ்.எஸ்.டி. போட்டால் போதும். ராம் தொண்ணூறைத் தாண்டி நின்றால் இன்னொரு ராம் அட்டை வேண்டும். பிராசசரே நூறில் நின்றால்தான் கணினியை மாற்றுவது பற்றிய பேச்சு. இவற்றுக்கெல்லாம் முன்னால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவி ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்த்துவிடுவது நல்லது. அங்கே மஞ்சள் நிறம் தெரிந்தால் வேக ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு, அன்றைக்கே வாடிக்கையாளர்களின் தரவுகளை வேறிடத்தில் நகல் எடுத்துவிட வேண்டும்.

எனக்கு எஸ்.எஸ்.டி. மாற்ற மூவாயிரத்துச் சொச்சம்தான் ஆனது, ஹார்ட் டிஸ்க்கின் இடத்திலேயே பொருந்தும் இரண்டரை அங்குல சாட்டா வகை. சில மாடல்களில், மெல்லிய அட்டை வடிவ எஸ்.எஸ்.டி-க்கான எம்.2 துளை காலியாக இருக்கும். அந்தத் துளை சாட்டா என்ற இணைப்பு முறையை மட்டும் ஏற்குமா, அதைவிட வேகமான என்.வி.எம்.இ-யையும் ஏற்குமா என்று பார்க்காமல் வாங்கினால், அட்டை பொருந்தும், கணினி அதைக் கண்டுகொள்ளாது. பழைய ஹார்ட் டிஸ்க்கையும் வீணாக்கவில்லை. பல ஆண்டுகளாகத் திறக்காத டி.வி.டி. டிரைவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ‘கேடி’ (caddy) என்ற சட்டகத்தின் உதவியால் அதைப் பொருத்தி, பழைய ஆண்டுகளின் கணக்குகளை அதில் வைத்திருக்கிறேன். கேடி 9.5 மி.மீ., 12.7 மி.மீ. என்று வெவ்வேறு தடிமன்களில் வருகிறது, அளந்து வாங்க வேண்டும். அத்துடன் விசிறிக்கு எதிரே கம்பளித் துணியைப் போலப் படிந்திருந்த தூசியைத் துடைத்து, பிராசசரின் சூட்டைக் கடத்தும், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றியதில் சூடும் இரைச்சலும் குறைந்தன.

அதன் பிறகு நடந்ததை மிகைப்படுத்தாமல் சொல்கிறேன்: பொத்தானை அழுத்திக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்வதற்குள் கடவுச்சொல் கேட்கிறது. டேலியில் பெரிய நிறுவனத்தின் தரவும் சொடுக்கியதும் திறக்கிறது. டிஸ்க் என்ற அந்த வரி பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தில் கிடக்கிறது. வாங்கிய நாளில்கூட இது இவ்வளவு வேகமாக இருந்ததில்லை.

அதில் உள்ள நம்பர் பேடைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த மாடலில் எண் விசைகள் முழு அகலத்தில், மேசைக் கணினியின் விசைப்பலகையில் இருப்பதைப் போலவே அமைந்திருக்கின்றன. பூஜ்ஜியம் இரண்டு விசைகளின் அகலம், என்டர் இரண்டு விசைகளின் உயரம். ஐந்தாம் எண்ணின் மேல் உள்ள சிறு மேட்டை நடுவிரல் தொட்டுவிட்டால் போதும், கண்ணை பில்லிலிருந்து எடுக்காமல் ஒரு கட்டு வவுச்சரையும் பதிந்து முடித்துவிடலாம். ஐந்தின் மேடு தேய்ந்துபோய்விட்டது, என்டர் விசையின் எழுத்து அழிந்துவிட்டது. ஆனால் ஒரு விசைகூட இதுவரை இரட்டையாக விழுந்ததில்லை, விழாமலும் இருந்ததில்லை. இப்போது கடைகளில் பார்க்கும் 14 அங்குலக் கணினிகளில் நம்பர் பேடே கிடையாது. 15.6 அங்குலத்தில் வருபவற்றிலும் பலவற்றில் எண் விசைகளை நெருக்கிச் சுருக்கி, பூஜ்ஜியத்தை ஒற்றை விசையாக்கிவிட்டார்கள். இது போதாதென்று வலப்பக்க கன்ட்ரோல் விசை இருந்த இடத்தில் சிலவற்றில் மைக்ரோசாஃப்டின் ஏ.ஐ. உதவியாளரைத் திறக்கும் கோபைலட் விசை வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைக் கேட்டது யார் என்று தெரியவில்லை.

இத்தனை நல்லதையும் கெடுப்பது, மூடியை உடம்போடு இணைக்கும் கீல். பழுதுபார்க்கும் கடைகளில் ஹிஞ்ச் என்றால்தான் புரியும். நான் இந்தக் கணினியில் வேறு எந்தக் குறையையும் மன்னித்துவிடுவேன்.

கீல் இரும்பால் ஆனது, அதில் பிழையில்லை. அது எதில் பிடித்திருக்கிறது என்பதில்தான் பிழை. மூடியின் உட்புறத்தில் பிளாஸ்டிக்கோடு சேர்த்து வார்த்த சிறு தூண்கள் நிற்கின்றன. அவற்றின் நடுவே பொடியான பித்தளை மரைகளைப் பதித்திருக்கிறார்கள். கீலின் தகட்டிலிருந்து வரும் திருகுகள் அந்த மரைகளில் போய் இறுகுகின்றன. கீலுக்குள் இருக்கும் கிரீஸ் காயக் காய அது விறைத்துக்கொள்கிறது. மூடியைத் திறக்கும்போது நாம் கொடுக்கும் விசை முழுவதும் கீலைச் சுழற்றாமல் அந்தப் பிளாஸ்டிக் தூண்களைப் பிடுங்கப் பார்க்கிறது. ஒரு நாள் வலப்பக்க மூலையில் திரையின் சட்டத்துக்கும் மூடிக்கும் நடுவே ஒரு விரிசல் தெரியும். மூடும்போது அது சேர்ந்துகொள்ளும், திறக்கும்போது மறுபடி வாய் பிளக்கும். உள்ளே திருகோடும் மரையோடும் தூண் கழன்று விழுந்திருக்கும்.

முதல் முறை எபாக்சி பசை வைத்து ஒட்டினார்கள். சில மாதங்கள் தாங்கியது. அடுத்து உடைந்தபோது, கீலின் வழியாகத் திரைக்குச் செல்லும் கேபிளையும் சேர்த்து நசுக்கிவிட்டது. ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வைத்தால்தான் திரை நிலையாக இருக்கும், சற்றுச் சாய்த்தாலும் வெள்ளைக் கோடுகள் ஓடும். இம்முறை போன வேறொரு கடையில் இருந்தவர் மூடியைக் கையில் எடுத்ததுமே, “சார், இனிமே ஒட்டி பிரயோஜனம் இல்ல. ஏ பேனலே மாத்திடுவோம்” என்றார். ஏ பேனல் என்பது மூடியின் மேற்பகுதி. திரைச் சட்டம் பி, விசைப்பலகைப் பகுதி சி, அடிப்பாகம் டி. புதிய பேனல் எங்கும் கிடைக்கவில்லை. சென்னை ரிச்சி தெருவிலிருந்து கழித்த கணினி ஒன்றின் பேனலை வரவழைத்துப் போட்டார். கறுப்பு உடம்பின் மேல் இப்போது சாம்பல் நிற மூடி இருக்கிறது. அது எனக்குப் பொருட்டில்லை. கேபிளையும் கூலியையும் சேர்த்து 2,800 ரூபாய் ஆனது. அவர் வேலையில் குறை சொல்ல எதுவுமில்லை, கேட்ட தொகையும் நியாயமானது.

ஆனால் வந்த பேனலும் அதே அச்சில் வார்த்தது. அதே பிளாஸ்டிக், அதே தூண்கள், அதே மரைகள், அவற்றுக்கும் ஏறக்குறைய அதே வயது. மறுபடி உடையாமல் இருக்க வேண்டுமென்று கீலின் நட்டைச் சற்றுத் தளர்த்திக் கொடுத்தார். அதுவே சரியான வழியும்கூட, உடைவதற்கு முன்பே யாராவது இதைச் செய்துகொண்டால் அவர்களுடைய மூடி பிழைக்கும். விளைவு என்னவென்றால், நான் நம்பர் பேடில் ஒவ்வோர் எண்ணாக அழுத்த அழுத்தத் திரை தலையை ஆட்டுகிறது. வேகமாக அடித்தால் சிறிது சிறிதாகப் பின்னால் சாய்ந்துகொண்டே போகிறது. பக்கம் ஒன்று பதிந்து முடிப்பதற்குள் ஒரு கையால் அதை முன்னே இழுத்து வைக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கணினியில் நான் மிகவும் விரும்பும் ஒன்றைப் பயன்படுத்தும்போதுதான் நான் மிகவும் வெறுக்கும் ஒன்று கண்முன்னே ஆடுகிறது.

இனி இந்தச் செலவு நியாயமா என்ற கேள்விக்கு வருகிறேன். வருமான வரி விதிகளின்படி கணினிக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம். குறையும் மதிப்பின் மீது ஏழு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், 2025 மார்ச் 31 அன்று இந்த 48,000 ரூபாய்ப் பொருளின் மதிப்பு 1,344 ரூபாய். அதன் கீலுக்கு நான் கொடுத்தது அதைப் போல இரண்டு மடங்கு. கணக்குப் புத்தகத்தைப் பார்த்துப் பழுதுபார்க்கும் முடிவை எடுக்கக் கூடாது என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஒன்றின் புத்தக மதிப்பு வேறு, அது செய்யும் வேலையின் மதிப்பு வேறு. இருந்தாலும் அந்த இரண்டு எண்களையும் ஒரே பக்கத்தில் எழுதியபோது மனம் கசந்தது.

ஒரு வேறுபாட்டை மட்டும் நண்பர் கவனித்துக்கொள்ளட்டும். எஸ்.எஸ்.டி-க்குச் செலவழித்த பணம் கணினியோடு போகாது. நாளைக்கு இதைக் கழித்தாலும் அதைக் கழற்றி யு.எஸ்.பி. உறையில் போட்டு வெளி டிரைவாக வைத்துக்கொள்ளலாம். கீல், பேனல், பேட்டரி ஆகியவற்றுக்குச் செலவழித்தவை இந்த ஒரு மாடலோடு சேர்ந்து செத்துவிடும். ஆகவே முதல் வகைக்குத் தயங்காமல் கொடுக்கலாம், இரண்டாவது வகைக்கு ஒரு முறை கொடுக்கலாம், இரண்டாம் முறை கூடாது.

அவருடைய கணினியில் இருப்பது ஏழாம் தலைமுறைப் பிராசசர். விண்டோஸ் 11 இன்டெல் பிராசசர்களில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கிறது. என்னுடையது மயிரிழையில் தப்பியது, அவருடையது நின்றுவிட்டது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்டவர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை வரும். வாடிக்கையாளர்களின் கடவுச்சொற்களும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் புழங்கும் கணினியை அதற்குப் பிறகும் தொழிலுக்கு வைத்திருப்பது சரியன்று. எஸ்.எஸ்.டி. போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவி, பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுத்துவிடலாம். கீல் நன்றாக இருப்பதால் அது இன்னும் பல ஆண்டுகள் ஓடும். தொழிலுக்கு அவர் புதியதைத்தான் வாங்க வேண்டும்.

என்னுடையதில் விண்டோஸ் 11 ஓடுகிறது, வேகம் இருக்கிறது, நம்பர் பேடுக்கு நிகரில்லை, செலவும் ஏற்கெனவே செய்தாகிவிட்டது. போதாக்குறைக்கு, ஏ.ஐ. டேட்டா சென்டர்களின் தேவையால் 2025 இறுதியிலிருந்து ராம் விலை ஏறிக்கொண்டிருக்கும் நேரம் இது. மைக்ரான் நிறுவனம் க்ரூஷியல் என்ற தன் சில்லறை வணிகத்தையே மூடப்போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. புதிய கணினிகள் பலவற்றில் ராமைப் பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள், பிறகு கூட்டவும் முடியாது. இவ்வளவையும் கூட்டிக் கழித்தால் வைத்துக்கொள் என்றுதான் விடை வர வேண்டும்.

ஆனாலும் நான் புதியதுதான் வாங்கப் போகிறேன். அக்டோபர் தொடக்கத்துக்குள் வாங்கிப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தால், மார்ச் முடிவதற்குள் 180 நாள் கணக்கு நிறைந்து அந்த நிதியாண்டுக்கே முழுத் தேய்மானம் கிடைக்கும், அவ்வளவு நாள் இந்தத் தலையாட்டலைப் பொறுத்துக்கொள்கிறேன். கடைக்குப் போனால் பிராசசரைப் பற்றிக் கேட்கப் போவதில்லை. மூடியை ஒரு மூலையில் பிடித்துத் திறந்து சட்டம் வளைகிறதா என்று பார்ப்பேன், பிறகு பூஜ்ஜிய விசையின் அகலத்தைப் பார்ப்பேன். இரண்டும் ஒன்றாக அமைந்த கணினியைக் கண்டவர்கள் மாடல் பெயரைச் சொன்னால் உதவியாக இருக்கும்.