தெருக் கேபிள்காரரா, டிஷ்ஷா, கம்பெனி ஃபைபரா?

மன்னார்குடி, பட்டுக்கோட்டை மாதிரி ஓர் ஊரில் புதுவீடு கட்டிக் குடிபோகிறவருக்கு டிவிக்கும் நெட்டுக்கும் இன்றைக்கு மூன்று வழி இருக்கிறது. தெருவில் வருடக்கணக்காக லைன் ஓட்டும் கேபிள்காரர் குடும்பம், மொட்டை மாடியில் டிஷ், பெரிய கம்பெனியின் ஃபைபர். மாதம் எவ்வளவு, எத்தனை சேனல் என்ற பட்டியல் எங்கும் கிடைக்கும். பழுதாகிப் போனால் யார் வருவார் என்பது அந்தப் பட்டியலில் இருக்காது. நான் அதை வைத்துத்தான் பார்க்கிறேன்.

கேபிள்காரரிலிருந்து தொடங்குவோம். ரேடியோ, டிவி ரிப்பேர் கடையோ வீடியோ கேசட் வாடகைக் கடையோ வைத்திருந்தவர்கள்தான் தொண்ணூறுகளில் இந்தத் தொழிலுக்குள் நிறைய வந்தார்கள். 1993 ஏப்ரலில் சன் டிவி தொடங்கிய பிறகு வீட்டுக்கு வீடு இணைப்பு கேட்டார்கள். அப்பா கம்பம் ஏறுவார், அம்மா வசூல் நோட்டைப் பார்த்துக்கொள்வார். இன்றைக்குப் பையன் ஃபைபர் இழையை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் சுற்றுகிறான். கடை பெரும்பாலும் வீட்டின் முன்னறைதான். இரவு ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டினாலும் யாராவது இருப்பார்கள்.

இந்தக் குடும்பங்கள் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம். 2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. அதில் 20 ரூபாய் அரசு நிறுவனத்துக்கு, 50 ஆபரேட்டருக்கு. 2017இல் டிஜிட்டலுக்கு மாறி, வீட்டுக்கு வீடு செட்டாப் பாக்ஸ் மாட்ட வேண்டியிருந்தது. 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதுக் கட்டண முறை வந்தது: அப்போது 100 சேனல்களுக்கான அடிப்படைக் கட்டணமே 130 ரூபாய் வரை போகலாம், 18 சதவீத ஜிஎஸ்டியோடு 153 ரூபாய் 40 காசு, கட்டணச் சேனல்களுக்குத் தனிக் காசு. அந்த அடிப்படைக் கட்டணத்தில் ஆபரேட்டரின் பங்கு, தனி ஒப்பந்தம் இல்லாத இடத்தில், 45 சதவீதம். மீதி சிக்னல் கொடுக்கும் எம்எஸ்ஓவுக்கு. விலையை ஏற்றியது அவரில்லை. ஆனால் வாசலில் நின்று திட்டு வாங்கியது அவர்தான். டிஷ் கம்பெனி விலையை ஏற்றினால் நாம் யாரைத் திட்டுவது, ரெக்கார்டட் குரலையா?

மாதம் கடந்துவிட்டால் கேபிள்காரர் "சம்பளம் வந்ததும் கொடுங்கக்கா" என்று போய்விடுவார். டிஷ்ஷில் ரீசார்ஜ் தேதி முடிந்தால் படம் நின்றுவிடும். பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் பாதி "பழுது" ரிமோட்டில் ஏதோ பட்டனை அழுத்தி ஏவி மோடுக்குப் போனதுதான். அதைச் சரிசெய்ய ஆள் வருகிறார், காசும் வாங்குவதில்லை. அப்புறம் லோக்கல் சேனல். கோயில் திருவிழா நேரலை, கண்ணீர் அஞ்சலி, புதுக் கடை திறப்பு, நாளைக்கு எந்தத் தெருவில் மின்தடை என்பதெல்லாம் அதில் ஓடும். வெளியூர்க்காரருக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். ஊரில் இருப்பவர்களுக்கு அதுதான் செய்தி.

குறையைச் சொல்லாமல் விட்டால் இது விளம்பரமாகிவிடும். பல ஊர்களில் ஆபரேட்டர்கள் ஏரியா பிரித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் தெரு யாருடையதோ அவரிடம்தான் வாங்க முடியும், பிடிக்காவிட்டாலும். ரசீது கேட்டால்தான் வரும். அவர் வீட்டில் கல்யாணமோ சாவோ என்றால் அன்றைக்கு லைனும் லீவு. காற்றடித்தால் முதலில் அறுவதும் மரத்திலும் மாடியிலும் தொங்கும் இந்த வயர்தான். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப்போட்டபோது மின்கம்பங்களோடு சேர்ந்து கேபிளும் போனது.

டிஷ்ஷைப் பற்றிப் பேச அதிகமில்லை. தோட்டத்து வீடு, தெருக்கோடித் தனிவீடு, வயர் எட்டாத இடம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு டிஷ் போடலாம். கனமழையில் சிக்னல் போகும், விட்டதும் திரும்ப வரும். வீடு மாறினால் கழற்றி எடுத்துப் போகலாம், மறுபடி மாட்ட ஆளுக்குக் காசு கொடுக்க வேண்டும். நெட் தனியாக வாங்க வேண்டியதுதான். இன்றைய வீட்டுக்கு அது பெரிய ஓட்டை.

கம்பெனி ஃபைபரில் வேகம் நன்றாக இருக்கும், பில் ஒழுங்காக வரும், ஓடிடி சேர்த்தே கிடைக்கும். பழுதாகாத வரை குறை சொல்ல முடியாது. மோடத்தில் எல்ஓஎஸ் (சிக்னல் வரவில்லை) என்ற சிவப்பு விளக்கு எரியத் தொடங்கினால்தான் கதை வேறு. ஆப்பில் புகார் பதிவாகும், நம்பர் வரும். எனக்கு ஒருமுறை யாரும் வராமலேயே "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று எஸ்எம்எஸ் வந்தது. விளக்கு சிவப்பாகவே இருந்தது. வருகிற டெக்னீஷியன் பெரும்பாலும் காண்ட்ராக்ட் பையன், அடுத்த மாதம் வேறு ஆள். வயர் இல்லாத ஏர்ஃபைபரில் அறுபடும் தொல்லை இல்லை, ஆனால் டவர் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது எல்லாம்.

இங்கே ஒரு விஷயம். இந்த மூன்றும் இப்போது தனித்தனி அல்ல. கேபிள்காரரே ஃபைபரும் கொடுக்கிறார். பிஎஸ்என்எல் ஃபைபரை ஊர்ப்பக்கம் வீடுவரை இழுத்துக் கொடுப்பவர்களில் இவர்கள் நிறையப் பேர். ஆகவே "உள்ளூரா, கம்பெனியா" என்பதைவிட, கம்பெனி லைனை உள்ளூர் ஆள் பராமரிக்கிறாரா என்று கேட்பதுதான் பயன்படும்.

என் கணக்கு இதுதான். வயதான அப்பா அம்மா மட்டும் இருக்கும் வீடு என்றால் கேபிள்காரர், யோசிக்கவே வேண்டாம். மாதம் ஐம்பது நூறு கூடினாலும் சரி. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் என்றாலும் கேபிள்காரரின் ஃபைபரைத்தான் முதலில் விசாரிப்பேன். ஆனால் சில கேள்விகள் கேட்டபிறகுதான். கரண்ட் போனால் அவர் கண்ட்ரோல் ரூமில் இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம் தாங்கும்? அவருக்கு நெட் கொடுக்கும் கம்பெனியிலிருந்து வரும் லைன் ஒன்றா, இரண்டா? இரவு எட்டிலிருந்து பத்துவரை வேகம் எவ்வளவு? கடைசிக் கேள்வியை அவரிடம் கேட்காதீர்கள், ஏற்கெனவே இணைப்பு வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் கேளுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் சீரியலும் கிரிக்கெட்டும் ஓட்டும்போது சின்ன ஆபரேட்டரின் பேண்ட்வித் திணறுவது உண்டு. பதில் திருப்தியாக இல்லையென்றால் தயங்காமல் கம்பெனி ஃபைபருக்குப் போங்கள், டிவியை மட்டும் கேபிளில் வைத்துக்கொள்ளலாம்.

எதை எடுத்தாலும் செட்டாப் பாக்ஸும் மோடமும் யாருடையது, இணைப்பை விட்டால் டெபாசிட் திரும்ப வருமா என்று முதலிலேயே கேட்டு, ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தெரிந்த ஆளிடம் எழுதிக் கேட்க நமக்குக் கூச்சம். அவர் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார்.