ரிமோட் இல்லாத பழைய குரோம்காஸ்ட்: இப்போது வாங்கலாமா?

போனில் தேர்ந்தெடுக்கும் வீடியோவை டி.வி.யில் ஓடவிடும் கூகுளின் சின்னக் கருவி குரோம்காஸ்ட். அதன் மூன்றாம் தலைமுறை 2018 அக்டோபரில் இந்தியாவுக்கு வந்தபோது விலை 3,499 ரூபாய். உள்ளங்கையில் அடங்கும் வட்ட வில்லை, அதிலிருந்து தொங்கும் குட்டை எச்.டி.எம்.ஐ. வால், மின்சாரத்துக்கு மைக்ரோ யு.எஸ்.பி. துளை, பக்கத்தில் ஒரே ஒரு பட்டன். ரிமோட் கிடையாது, மெனுவும் கிடையாது. 2024 ஆகஸ்டில் கூகுள் குரோம்காஸ்ட் வரிசையையே நிறுத்திவிட்டதால் இனி கைமாறி வருவதைத்தான் வாங்க வேண்டும். அப்படியும் வாங்கலாம், போனில் தேடி டி.வி.யில் பார்ப்பது மட்டுமே தேவை என்றால். டி.வி.யே கூகுள் டி.வி.யாகவோ ஆண்ட்ராய்டு டி.வி.யாகவோ இருந்தால் இந்த வேலை அதற்குள்ளேயே இருக்கிறது. காசை மிச்சம் பிடியுங்கள்.

யூடியூபில் டி.வி.க்கு அனுப்பச் சொல்லும் காஸ்ட் குறியைத் தொட்டால் போன் அனுப்புவது வீடியோ இருக்கும் முகவரியை மட்டும்தான். படத்தை ரவுட்டர் வழியாக நேரே இழுத்துக்கொள்வது வில்லை. அதனால் போனைப் பூட்டி வைக்கலாம், அழைப்பு வந்தால் பேசலாம், சார்ஜும் அவ்வளவாக இறங்காது. கூகுள் ஹோம் ஆப் வழியாகத் திரையையே காட்டுவது வேறு சங்கதி. அதில் போன் தன் திரையை ஓயாமல் வீடியோவாகச் சுருக்கி அனுப்ப வேண்டியிருக்கிறது. போன் சுடும், விரல் பட்ட பிறகு கொஞ்சம் தாமதித்துத்தான் டி.வி.யில் அசைவு தெரியும். கேமுக்கு ஆகாது. சந்தா கட்டிப் பார்க்கும் ஆப்களில் சத்தம் மட்டும் வந்து படம் கறுப்பாக நின்றால் பழுது என்று பதற வேண்டாம், அது படத்தை நகலெடுக்க விடாமல் தடுக்கும் பதிப்புரிமைப் பூட்டு. அந்த ஆப்புக்குள்ளேயே இருக்கும் காஸ்ட் குறியைத் தொட்டால் அதே படம் ஒழுங்காக ஓடும். ஐபோனில் திரையைக் காட்டும் ஏர்பிளே இதில் எடுபடாது. காஸ்ட் குறி உள்ள ஆப்கள் மட்டும் வேலை செய்யும், அதுவும் லோக்கல் நெட்வொர்க் அனுமதி கொடுத்திருந்தால்.

பலரும் திணறுவது போனில் சேமித்த வீடியோக்களில். இந்த வில்லைக்குத் தெரிந்த வீடியோ வடிவங்கள் எச்.264, வி.பி.8 இரண்டும்தான், 1080பி, நொடிக்கு 60 ஃபிரேம் வரை. இன்றைய போன் கேமராக்கள் பல எச்.இ.வி.சி. வடிவில் பதிவு செய்கின்றன, அது இதற்குப் புரியாது. வி.எல்.சி. ஆப்பில் காஸ்ட் செய்தால் போனே உட்கார்ந்து மாற்றிக் கொடுக்கும். குறைந்த விலை போனில் கல்யாண வீடியோ முக்கி முக்கி ஓடுவதற்கு இதுதான் காரணம். கேமரா அமைப்பில் எச்.264-ஐத் தேர்ந்து வைத்தால் இனி எடுப்பவையாவது தப்பும். படம் வந்து சத்தம் வராமல் போனால் ஃபைலின் ஆடியோவைப் பாருங்கள். டால்பி ஏசி3 என்ற ஒலி வடிவம் என்றால் வில்லை அதைப் பிரிக்காமல் அப்படியே டி.வி.க்குத் தள்ளிவிடும், டி.வி.க்கும் தெரியாவிட்டால் மௌனம்தான்.

மின்சாரத்தை டி.வி.யின் யு.எஸ்.பி. துளையிலிருந்து எடுக்காதீர்கள். வில்லையின் அடாப்டர் 5 வோல்ட், 1 ஆம்பியர். யு.எஸ்.பி. 2.0 துளை தருவதாக ஒப்புக்கொண்டிருப்பது அரை ஆம்பியர். அதோடு, டி.வி.யை அணைத்தால் பெரும்பாலும் அந்தத் துளையும் செத்துவிடும். ஒவ்வொரு முறையும் வில்லை முதலிலிருந்து எழுந்து வர வேண்டும். சுவரில் தனி அடாப்டர் போட்டு, டி.வி. அமைப்பில், இணைத்த கருவி டி.வி.யைக் கட்டுப்படுத்த விடும் எச்.டி.எம்.ஐ. சி.இ.சி.யை இயக்கினால் (சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்.ஜி.யில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க்) போனில் காஸ்ட் தொட்டதும் டி.வி. தானே எழுந்து சரியான இன்புட்டுக்கு வந்து நிற்கும். இந்தப் பொருளின் சுகமே அதில்தான் இருக்கிறது.

இணைப்பது சுலபம். கூகுள் ஹோம் ஆப்பில் கூட்டல் குறி, புதிய சாதனம், டி.வி.யில் தெரியும் குறியீடு போனிலும் அதேதானா என்று பார்ப்பது, வைஃபை கடவுச்சொல். லொகேஷன் ஆனில் இருக்கட்டும், வி.பி.என். ஆஃபில் இருக்கட்டும். எல்லாம் செய்தும் போனில் காஸ்ட் குறியே வரவில்லை என்றால் ரவுட்டரைத்தான் சந்தேகிக்க வேண்டும். போன் விருந்தினருக்கான தனி வைஃபையான கெஸ்ட் நெட்வொர்க்கில் இருக்கலாம், அல்லது ரவுட்டரின் ஏ.பி. ஐசொலேஷன் அமைப்பு ஆனில் இருந்து ஒரு சாதனத்தை இன்னொன்றின் கண்ணில் படாமல் மறைக்கலாம். விடுதி, ஹோட்டல் வைஃபையில் லாகின் பக்கம் வருமே, அதைத் திறக்க வில்லைக்கு வழியில்லை. இன்னொரு தொல்லை: வீட்டு வைஃபையில் உள்ள மற்ற ஆண்ட்ராய்டு போன்களிலும் கன்ட்ரோல் பட்டை எட்டிப் பார்க்கும். பக்கத்து அறையிலிருந்து பிள்ளைகள் படத்தை நிறுத்தி விளையாடினால், ஹோம் ஆப்பில் வில்லையின் அமைப்புக்குள் போய், மற்றவர்கள் கட்டுப்படுத்தும் அனுமதியை எடுத்துவிடுங்கள்.

2025 கடைசியில் நெட்ஃபிளிக்ஸ், ரிமோட் உள்ள பெரும்பாலான டி.வி.களுக்கும் சாதனங்களுக்கும் போனிலிருந்து காஸ்ட் செய்வதை எடுத்துவிட்டது. ரிமோட் இல்லாத இந்தப் பழைய வில்லைகளுக்கு, விளம்பரமில்லாத திட்டம் இருந்தால், அந்த வசதி தொடர்கிறது. ஆனால் 149 ரூபாய் மொபைல் திட்டத்தை நம்பி வாங்கிவிடாதீர்கள், அது டி.வி.க்கே போகாது.

வாங்கும்போது இரண்டாம் தலைமுறையைத் தலையில் கட்டிவிடப் போகிறார்கள். பளபளப்பாக, குரோம் சின்னத்தோடு, வாலின் நுனி வில்லையில் காந்தத்தால் ஒட்டிக்கொண்டால் அது 2015 மாடல். 2025 மார்ச்சில் உள்ளிருந்த பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகி உலகம் முழுக்க முடங்கியது அதுதான். பிறகு அப்டேட் கொடுத்துச் சரிசெய்தார்கள். மூன்றாம் தலைமுறை மங்கலான மேற்பரப்பு, ‘ஜி’ எழுத்து, காந்தம் கிடையாது. 1,500 ரூபாய்க்கு மேல் தகாது. விற்பவர் வீட்டிலேயே, பழைய அமைப்பை அழிக்க, பட்டனை அழுத்திப் பிடியுங்கள். ஆரஞ்சு விளக்கு மினுக்கி வெள்ளையாக நிலைத்ததும் விடுங்கள். இன்னொரு போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஒரு பாட்டு ஓடவிட்டு, மைக்ரோ யு.எஸ்.பி. முனையை லேசாக ஆட்டிப் பாருங்கள். பாட்டு அறுந்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.