ஒன்பது குளிர்காலமாக ஒரே கேன்சி

ஸ்காட்லாந்தின் அபர்டீனுக்கு வேலைக்கு வந்த புதிதில் வாங்கிய தடித்த ஜாக்கெட் ஒன்றுகூட இப்போது என்னிடம் இல்லை. ஒன்றில் ஜிப் போனது, இன்னொன்றில் உள்ளே இருந்த பஞ்சு கட்டி தட்டிப்போனது. அடுத்த வருடம் மோரே கடற்கரைப் பக்கம் ஒரு பாட்டியிடம் சொல்லிப் பின்னி வாங்கிய கேன்சியைத்தான் ஒன்பது குளிர்காலமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

கேன்சி என்பது பிரிட்டன் மீனவர்களின் கருநீல ஸ்வெட்டர். சானல் தீவுகளில் ஒன்றான கெர்ன்சியின் பெயர்தான் இப்படி மருவியது என்பார்கள். இறுக்கமாக முறுக்கிய ஐந்து இழைக் கம்பளி நூல், இரண்டு முனையும் கூரான மெல்லிய எஃகு ஊசிகள் ஐந்து. சுற்றிச் சுற்றிப் பின்னுவதால் உடம்புப் பகுதிக்குப் பக்கத் தையலே கிடையாது.

முதல் மாதம் கஷ்டம்தான். அட்டை மாதிரி விறைப்பாக இருந்தது, கழுத்து அரித்தது. உள்ளே காலர் வைத்த பருத்திச் சட்டை போட்டதும் அரிப்பு பிரச்சினை தீர்ந்தது. இரண்டாம் மாதத்தில் உடம்புக்குப் பழகிவிட்டது. துறைமுகச் சுவர் மேல் நின்றால் வட கடல் காற்று முகத்தில்தான் அறையும், நெஞ்சுக்குள் வராது. தூறல் மேலேயே முத்து முத்தாக நிற்கும். பெருமழையில் ஊறிக் கனத்துவிடும், ஆனால் நனைந்த பிறகும் கொஞ்ச நேரம் சூடு இருக்கும். ஹீட்டர் ஓடும் ஆபீசுக்கு மட்டும் வேண்டாம், வியர்த்துக் கொட்டும்.

இதன் அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது, பழுது வரும் என்று தெரிந்தே பின்னியிருப்பது. முன்னும் பின்னும் ஒரே மாதிரி என்பதால் மாற்றி மாற்றிப் போடலாம், தேய்மானம் ஒரே இடத்தில் விழாது. அக்குளில் வைர வடிவத்தில் ஒரு துண்டைச் சேர்த்தே பின்னுகிறார்கள். கையைத் தூக்கினால் ஸ்வெட்டர் இடுப்பிலிருந்து மேலே ஏறாது. வலை இழுக்கும் உடம்புக்காக யோசித்தது. கீழ்ப்பாதி வெறும் பின்னல். நெஞ்சில்தான் ஏணி, கயிறு, வலைக்கண் என்று மேடும் பள்ளமுமான வேலைப்பாடு. அந்த மேடுபள்ளத்தில் காற்று தங்குவதால் சூடும் அங்கேதான் அதிகம்.

கையைத் தோளிலிருந்து மணிக்கட்டை நோக்கிப் பின்னுகிறார்கள். இதன் அருமை ஆறாவது வருடம்தான் எனக்குப் புரிந்தது. மணிக்கட்டு ஓரம் நைந்துபோனதும் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாட்டி கடைசி முடிச்சைப் பிரித்து நூலை இழுத்தார். பொலபொலவென்று வரிசை வரிசையாக அவிழ்ந்தது. ஆறு வருடம் கண்ணிக்குள் வளைந்து கிடந்த நூல், மேசையில் விழுந்தும் அந்தச் சுருளை இழக்கவில்லை. நல்ல வரிசை வந்ததும் கண்ணிகளை ஒவ்வொன்றாக ஊசியில் ஏற்றிப் புது நூலில் பின்னி முடித்தார். மணிக்கட்டிலிருந்து மேலே பின்னிய ஸ்வெட்டரில் இப்படிச் சுலபமாக அவிழ்க்க முடியாது. இப்போது என் மணிக்கட்டு மட்டும் கருநீலம், மற்றதெல்லாம் வெளுத்த நீலம்.

ஊருக்கு ஒரு டிசைன் உண்டு, கடலில் இறந்தவரை அதை வைத்தே அடையாளம் காண்பார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். நான் அதை அப்படியே ஏற்கவில்லை. ஹெர்ரிங் மீன் தெற்கே நகர நகர, ஸ்காட்லாந்துப் பெண்களும் கூட்டமாக இங்கிலாந்தின் கிரேட் யார்மத் வரை போனார்கள். இரண்டு பேர் மீனின் குடலை எடுக்க, ஒருவர் உப்பிட்டுப் பீப்பாயில் அடுக்குவார். கத்தி வெட்டாமலிருக்க விரலில் துணி சுற்றியிருப்பார்கள். வேலை இல்லாத நேரத்தில் நடந்துகொண்டே பின்னினார்கள். கண்ணில் பட்ட டிசைன் பிடித்திருந்தால் தங்கள் ஊருக்கும் கொண்டுபோனார்கள். அப்புறம் எப்படி அது ஒரே ஊருக்குச் சொந்தமாகும்? சில கேன்சிகளில் இடுப்போரம் போட்டவரின் முதலெழுத்தைப் பின்னினார்கள் என்பது நிஜம். நான் கட்டத் தாளில் ‘ம’ வரைந்து கொடுத்தேன். கட்டத்துக்குள் அடங்கும் எழுத்து, பாட்டி ஒரே மூச்சில் பின்னிவிட்டார்.

துவைப்பது வருடத்துக்கு இரண்டு முறை, குளிர்ந்த நீரில், கையால். துண்டில் சுருட்டி அழுத்தி, விரித்துப்போட்டுக் காய வைக்கிறேன். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும்.

இப்போது வலது முழங்கை மெலிந்திருக்கிறது. மணிக்கட்டிலிருந்து அதுவரை அவிழ்த்துப் பின்ன வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் கருநீல நூலின் கண்ணி பாட்டியின் கண்ணுக்குத் தெரிவதில்லையாம், ஜூன் மாதம் பகல் நீண்டதும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.