நாடக மேடைக்குக் குறைந்த செலவில் நிறம் மாற்றும் விளக்கு: ஜெல்லா, ஸ்க்ரோலரா, எல்இடியா?

சிறிய நாடகக் குழு விளக்கு வாங்கக் கிளம்பினால் முதலில் கேட்பது "எது மலிவு?" என்றுதான். அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. மேடையில் நிறம் மாற வேண்டியது எந்த விளக்கு? முகத்தில் விழும் முன் விளக்கா, நடிகரின் முதுகுப் பக்கத்திலிருந்து வரும் பின் விளக்கா, பின்திரையை நிறைக்கும் விளக்கா? மூன்றுக்கும் சேர்த்து ஒரே கருவியாக வாங்கப் போகும்போதுதான் பணம் வீணாகிறது. முகத்துக்கு ஒன்று, மற்றதற்கெல்லாம் வேறொன்று என்று பிரித்துவிட்டால் கையில் இருக்கும் தொகையிலேயே நல்ல மேடை அமையும் என்பது என் உறுதியான கருத்து.

நிறம் மாற்றும் கருவி என்று யாரும் கணக்கிலேயே சேர்க்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். இரண்டு ஹாலஜன் விளக்கு, அவற்றின் முன்னால் மாட்ட இரண்டு ஜெல் தாள் (ஒளி ஊடுருவும் நிறத்தாள்), அவ்வளவுதான். இரண்டையும் ஒரே இடத்தைப் பார்க்கும்படி மாட்டி, ஒன்றில் லீ நிறுவனத்தின் 152ஆம் எண் போல வெதுவெதுப்பான தாளும் மற்றதில் அதன் 201ஆம் எண் போல நீலம் சாய்ந்த தாளும் போடுங்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரில் ஒன்றை இறக்கிக்கொண்டே மற்றதை ஏற்றினால் சாயங்காலம் மெல்ல இரவாகும், இடையில் வரும் எல்லா நிலைகளும் முகத்துக்குப் பொருந்தும், சத்தம் என்பதே இருக்காது. ஹாலஜன் முழு வெளிச்சத்தில் 3200 கெல்வின் அளவில் (இந்த எண் குறையக் குறைய ஒளி வெதுவெதுப்பாகும், கூடக் கூட நீலம் சாயும்) எரிந்து, மங்க மங்கச் சிவந்துகொண்டே போகும். அந்தச் சிவப்பு தோலுக்கு எவ்வளவு நல்லது என்பது அது இல்லாத மேடையைப் பார்த்த பிறகுதான் உறைக்கிறது.

குறை எங்கே என்றால், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு விளக்கும் ஒரு டிம்மரும் வேண்டும். அப்புறம் அடர் நிறங்கள். ஜெல் தாள் நிறத்தை உண்டாக்குவதில்லை, வேண்டாத நிறங்களை விழுங்கிவிட்டு மிச்சத்தை வெளியே விடுகிறது. ஹாலஜனில் நீலம் பிறப்பிலேயே குறைவு. ஆகவே காங்கோ ப்ளூ போன்ற மிக அடர் நீலத் தாளைப் போட்டால் 1000 வாட் பார் (PAR) வகை மேடை விளக்கிலிருந்தும் துளி வெளிச்சம்தான் மேடைக்கு வரும், மற்றதெல்லாம் சூடாகித் தாளையே வெளுக்கவும் பொசுக்கவும் செய்யும். 12 பார் விளக்குகளை இப்படி எரித்தால் 12 கிலோவாட்; சிறிய அரங்கின் மின் இணைப்புக்கு அதுவே எல்லை.

அடுத்தது ஸ்க்ரோலர். விளக்கின் முன்னால் மாட்டும் பெட்டி, உள்ளே பத்துப் பதினாறு ஜெல் துண்டுகளை வரிசையாக ஒட்டிய ஒரு நீளச் சுருள், அதை இரண்டு பக்கமும் சுற்றும் மோட்டார். கையில் ஏற்கெனவே நல்ல ஹாலஜன் விளக்குகளும் டிம்மர்களும் இருந்தால் ஆசை காட்டும் கருவிதான், ஏனென்றால் ஒளியின் தரம் அப்படியே இருக்கும், நிறம் மட்டும் மாறும். பெரிய அரங்குகள் எல்இடிக்கு மாறிக்கொண்டிருப்பதால் பழையவை மலிவாகவும் கிடைக்கின்றன. ஆனாலும் நாடகத்துக்கு நான் இதை எளிதில் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாம் துண்டிலிருந்து பன்னிரண்டாம் துண்டுக்குப் போக வேண்டுமென்றால் நடுவில் இருக்கும் ஒன்பது நிறங்களும் விளக்கைக் கடந்துதான் ஆக வேண்டும். விளக்கு எரியும்போது மாற்றினால் பார்வையாளர் கண்ணில் அது அத்தனையும் படும். அதனால் ஒரு தொகுதி விளக்குகளை இருட்டாக்கி, நிறத்தை மாற்றி, பிறகு ஏற்றுவது என்று ஒவ்வொரு க்யூவையும், அதாவது ஒவ்வொரு விளக்கு மாற்றத்தையும், திட்டமிட வேண்டும். இசை நிகழ்ச்சியில் யாருக்கும் கேட்காத மோட்டார் சத்தமும் விசிறிச் சத்தமும் நாடகத்தின் மௌனத்தில் தெளிவாகக் கேட்கும். அடர் நீலத் துண்டுதான் முதலில் கருகும், கருகினால் சுருளை இறக்கி வேலை பார்க்க வேண்டும். இதற்கென்று தனி மின் வழங்கியும், மின்சாரமும் தகவலும் சேர்ந்து போகும் நான்கு முனைக் கேபிளும் தேவை. பழைய சரக்கு வாங்குபவர்கள் பெட்டியின் விலையை மட்டும் பார்த்துவிட்டு இந்த இரண்டையும் மறந்துவிடுகிறார்கள். இரட்டைச் சுருள் வைத்து நிறங்களைக் கலக்கும் வகை ஒன்றும் உண்டு. நல்லதுதான், ஆனால் உதிரிப் பாகம் தேடியே அலுத்துப் போகும்.

சரி, எல்இடி. இன்று பெரும்பாலோர் வாங்குவது இதைத்தான், ஏமாறுவதும் இதில்தான்.

பின் விளக்குக்கும் பின்திரைக்கும் எல்இடிக்கு இணையாக மற்ற இரண்டையும் சொல்ல முடியாது. ஹாலஜன் திணறும் அடர் நீலத்தை இது சுலபமாகத் தரும், சூடு குறைவு, நிறம் ஒரு நொடியில் மாறும். 150 வாட் பார் 12 வைத்தாலும் மொத்தம் 1.8 கிலோவாட்தான். சாதாரண மூன்று நிற விளக்கே இந்த வேலைக்குப் பெரும்பாலும் போதும்.

முகத்துக்கு வந்தால் கதை மாறுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கலந்து வெள்ளை வரவழைக்கலாம், வெறும் சுவரில் பார்த்தால் வெள்ளையாகவும் இருக்கும். ஆனால் அந்த ஒளியில் மூன்று குறுகிய பட்டைகள் மட்டுமே இருக்கின்றன. பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில், 570இலிருந்து 600 நானோமீட்டர் வரையிலான மஞ்சள்-ஆம்பர் பகுதி கிட்டத்தட்டக் காலி. தோலின் உயிர்ப்பு பெரிதும் அந்தப் பகுதியை நம்பியே இருப்பதால் முகம் சாம்பல் பூத்தோ, செயற்கையான இளஞ்சிவப்பாகவோ தெரியும். உடைகளிலும் இதே சிக்கல் வரும். பகல் வெளிச்சத்தில் ஒரே மஞ்சளாக இருந்த இரண்டு துணிகள் இந்த ஒளியில் வேறு வேறாகத் தெரிந்தால் துணியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆம்பரோ லைமோ (மஞ்சள் கலந்த பச்சை) சேர்ந்த நான்கு நிற விளக்கு இந்த இடைவெளியை ஓரளவு அடைக்கும். 'வெள்ளை' சேர்ந்தது என்று போட்டிருந்தால் அது குளிர் வெள்ளையா, வெது வெள்ளையா என்று கேளுங்கள். 6000 கெல்வினுக்கு மேற்பட்ட குளிர் வெள்ளை முகத்துக்கு அவ்வளவாக உதவாது. புற ஊதாவும் சேர்த்து ஆறு நிறம் என்று விற்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், இருட்டில் ஒளிரும் காட்சி இல்லாவிட்டால் அந்த ஆறாவது நிறம் சும்மாதான் கிடக்கும்.

நிறத்தைவிட முக்கியமானது மங்கும் விதம் என்று சொன்னால் வாங்குபவர்கள் பலர் நம்புவதில்லை. நாடகத்தில் மிக அழகான தருணங்கள் பத்து சதவீத வெளிச்சத்துக்குக் கீழேதான் நடக்கின்றன. சாதாரண எட்டு பிட் கட்டுப்பாட்டில் முழு வெளிச்சத்திலிருந்து இருட்டு வரை 256 படிகள் மட்டுமே. மேல் பாதியில் அது தெரியாது, கடைசிப் பத்து சதவீதத்தில் இருபத்தைந்து படிதான் மிஞ்சுகிறது என்பதால் விளக்கு படிப்படியாகக் குதித்து இறங்கிக் கடைசியில் பட்டென்று அணையும். படிகள் பல மடங்கு கூடும் 16 பிட் மங்கல் இருந்தால், அல்லது விளக்கே உள்ளுக்குள் மாற்றங்களை வழுவழுப்பாக்கினால், இந்தத் தொல்லை பெருமளவு குறையும். சிவப்பும் பச்சையும் நீலமும் ஒரே நேரத்தில் அணையாமல் ஒவ்வொன்றாகப் போனால், மங்கும்போது நிறமே வழியில் மாறிவிடும். மலிவான விளக்குக்கும் நல்ல விளக்குக்கும் உள்ள விலை வேறுபாட்டில் பெரும் பகுதி இந்த இடத்தில்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால் சுமாரான எட்டு விளக்கைவிட நன்றாக மங்கும் நான்கே மேல்.

ஆகவே கடையிலோ கடன் வாங்கியோ ஒரே ஒரு விளக்கை முதலில் சோதித்துப் பாருங்கள். அரங்கை இருட்டாக்கி, பத்து சதவீதத்திலிருந்து பூஜ்யத்துக்கு இருபது நொடியில் இறக்குங்கள். ஒரு ஹாலஜனைப் பக்கத்தில் எரியவிட்டு, வெவ்வேறு தோல் நிறமுள்ள இரண்டு மூன்று பேரை நிறுத்தி முகத்தைப் பாருங்கள். ஆளுக்குப் பின்னால் வெள்ளைத் துணி கட்டி நிழலையும் கவனியுங்கள்: ஒவ்வொரு நிறமும் தனித்தனி எல்இடிக் குமிழில் இருக்கும் விளக்கு சிவப்பு, பச்சை, நீலம் என்று நிழலைப் பிரித்துக் காட்டும். எல்லா நிறமும் ஒரே குமிழுக்குள் இருக்கும் வகையில் இது மிகக் குறைவு, பழைய வகை என்றால் முன்னால் ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் ஃப்ராஸ்ட் தாள் ஒன்று போட்டு ஓரளவு சமாளிக்கலாம். பிறகு கேமராவில் படம் பிடியுங்கள், பட்டை பட்டையாக ஓடினால், மங்குவதற்காக விளக்கு அணைந்து எரியும் துடிப்பு வேகம் போதாது. கடைசியாக எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு விசிறியைக் கேளுங்கள். அரை மணி நேரம் எரிந்த பிறகு கேட்பது முக்கியம். பெட்டியில் போட்டிருக்கும் வாட் எண்ணை வைத்து வெளிச்சத்தை மதிப்பிட வேண்டாம், மலிவு விளக்குகளில் அது பெரும்பாலும் குமிழ்களின் மதிப்பைக் கூட்டிப் போட்ட எண்தான்.

கட்டுப்பாட்டுப் பலகையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பலகை தனித்தனியாக இயக்கக்கூடிய ஒவ்வொரு கட்டுப்பாடும் ஒரு சேனல். ஹாலஜனுக்கு டிம்மருக்கு ஒரு சேனல், ஸ்க்ரோலருக்குக் கூடுதலாக ஒன்றிரண்டு. எல்இடிக்கோ விளக்குக்கு நான்கிலிருந்து எட்டு. உங்களிடம் இருப்பது 24 சேனல் பழைய பலகை என்றால் ஆறு சேனல் விளக்கு நான்கு வைத்தாலே தீர்ந்துவிடும். சேர்ந்தே மாற வேண்டியவற்றுக்கு ஒரே முகவரி கொடுத்துச் சமாளிக்கலாம், ஆனால் தனித்தனியாக ஆட முடியாது. பலகையின் கட்டளைகளை விளக்குகளுக்குக் கொண்டுபோகும் டிஎம்எக்ஸ் என்ற முறை ஒரு கேபிளில் 512 சேனல் தரும், ஒரு தொடரில் 32 கருவிகள் வரை மாட்டலாம், முடிவில் தொடரை மூடும் 120 ஓம் டெர்மினேட்டர் செருகி போட வேண்டும். எல்இடியையோ ஸ்க்ரோலரின் மின் வழங்கியையோ டிம்மரில் செருகவே கூடாது, நேரடி மின்சாரம்தான். இல்லாவிட்டால் கருவி கெட்டுப் போகும்.

கையில் ஹாலஜன் இருக்கும் குழு என்றால் நான் சொல்வது இதுதான்: முன் விளக்கை அப்படியே ஜெல்லோடு, வெதுவெதுப்பு ஒரு ஜோடி குளிர்ச்சி ஒரு ஜோடியாக வைத்துக்கொண்டு, இருக்கும் பணம் முழுவதையும் பின் விளக்குக்கான எல்இடியில் போடுங்கள். எதுவுமே இல்லாமல் புதிதாகத் தொடங்குபவர்கள் டிம்மர் வாங்கும் செலவை மிச்சப்படுத்தி எல்லாவற்றையும் எல்இடியாகவே வாங்கலாம், ஆனால் முகத்துக்கு மட்டும் நிறம் மாறாத வெது வெள்ளை எல்இடி வாங்குங்கள். அதே விலையில் கிடைக்கும் நிறம் மாற்றும் விளக்கைவிட அது பிரகாசமாகவும் இருக்கும், தோலையும் தோலாகக் காட்டும். ஸ்க்ரோலர், யாராவது மின் வழங்கியும் கேபிளும் சேர்த்து இலவசமாகத் தந்தால், பக்க விளக்குக்கு.